தீ வைக்கிற செந்தாமரை

ஜமுனாமரத்தூருக்கு மேலே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்த செந்தாமரைக்கு ராணிப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம் சேர்ந்தாள். என்ன வேலை என்று யார் கேட்டாலும் அவளுடைய அப்பா சின்னதம்பி ஒளிக்காமல் சொல்லிவிடுவார்: "தீ வெக்கிறா."

ஓரளவுக்கு உண்மைதான். அங்கே மின்சார சுவிட்சுகளுக்கு நைலான் பாகங்கள் செய்தார்கள். செந்தாமரை ஒரு நைலான் பட்டையைத் தொங்கவிட்டு அடியில் பர்னரைக் காட்டுவாள். பர்னரை விலக்கியதும் தீ தானாக அணைய வேண்டும். கீழே வைத்த பஞ்சில் எரிகிற சொட்டு விழுந்து பற்றினால் அந்தச் சரக்கு தேறாது. சாதா நைலான் உருகிச் சொட்டி எரியும். சிவப்பு பாஸ்பரஸ் கலந்ததோ கருகிப் பொருக்குக் கட்டி அணைந்துவிடும். ஒரே தொல்லை, மழைக்காலத்தில் பாஸ்பரஸ் டின்னைத் திறந்தால் அழுகின பூண்டு வாடை வரும். அது புடவையில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அவளுக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

பொங்கல் லீவில் ஊருக்கு வந்தபோது பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ராஜவேலு புளி ஏற்றும் லாரிக்கு டிரைவர். பேச்செல்லாம் அவனுடைய அம்மா கெங்கம்மாள்தான்.

"பொண்ணு இன்னா வேல பாக்குது?"

"தீ வெக்கிற வேலைங்க," என்றார் சின்னதம்பி.

கெங்கம்மாள் எழுந்துவிட்டாள். முன்னொரு தடவை வீட்டுக் கூரை எரிந்து, கட்டின சேலையோடு வெளியே ஓடிவந்தவள் அவள். "நம்ம வூட்டுக்கு இது ஆவாதுங்க."

செந்தாமரைக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்துவந்தாள். "செத்த குந்துங்க அத்த. தீ அணையுதான்னு பாக்குறதுதான் என் வேல. இந்தச் செவப்புப் பட்டையில கலந்திருக்கறது தீப்பெட்டி ஓரத்துல தடவுற மருந்து."

"அதப் போட்டா தீ அணையுமா? யாருக்குக் காது குத்துற?"

செந்தாமரை சிம்னி விளக்கைக் கொண்டுவந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதாப் பட்டையைத் தீயில் காட்டினாள். அது எரிந்துகொண்டே தரையில் சொட்டியது. சிவப்புப் பட்டையைக் கெங்கம்மாளே வாங்கிக் காட்டினாள். பற்றியது. விளக்கைவிட்டு எடுத்ததும் அணைந்தது. மறுபடி காட்டினாள், அணைந்தது. ஊதினாள், முந்தானையால் விசிறினாள்.

"இன்னாடி இது, புடிச்சாலும் நிக்க மாட்டேங்குது!"

ராஜவேலு சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். கடைசியில் கெங்கம்மாளும் சிரித்துவிட்டாள். "சரி, கல்யாணத்துக்கு அப்புறம் வேலய வுட்டுடுவ இல்ல?"

"வுட மாட்டேன் அத்த."

"அப்ப எம் புள்ள?"

"லாரி ராணிப்பேட்டைக்கும்தான் போவுதும்மா," என்றான் ராஜவேலு.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ராணிப்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்று பிடித்தார்கள். மசக்கையில் அந்தப் பூண்டு வாடை சுத்தமாக ஆகவில்லை. செந்தாமரை சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, வாடையை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்றை மாட்ட வைத்தாள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு தீ வைத்துப் பார்க்கிற அந்த அறையே அவள் பொறுப்பில் வந்தது. லோடு இறக்கிவிட்டு வருகிற நாட்களில் ராஜவேலு கம்பெனி வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். பர்னரில் பட்டை இருந்தால் அது அணைகிறவரை அவன் காத்திருக்க வேண்டியதுதான்.