டோலோன் கணவாயில் கழன்ற சக்கரம்

நரின் ஊர் டாக்சி நிறுத்தத்தில் எர்மெக்கை வெறும் எர்மெக் என்று யாரும் கூப்பிட்டதில்லை. இரும்புக்கை எர்மெக். வாலிபத்தில் மல்யுத்தம் செய்தவன். அதன் பிறகு பிழைப்பெல்லாம் தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போவதுதான். அவனுடைய பழைய ஜெர்மன் காரில் ஆள் நிரம்பியதும் கிளம்புவான். வழியிலுள்ள டோலோன் கணவாயில் பனி பாறையாக உறைந்து கிடக்கும் நாட்களில்கூட அவன் வண்டி என்றால் பெண்கள் பயப்படாமல் ஏறினார்கள்.

சக்கரத்து போல்ட்டை அவனைப் போல இறுக்க ஆளில்லை என்பது அவன் பெருமை. ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகுவான். குழாயின் நுனியில் ஏறி நின்று, கனத்த உடம்பு முழுவதையும் போட்டு மிதிப்பான். போல்ட் கிறீச்சிட்டால்தான் அவனுக்குத் திருப்தி. அந்த வசந்தத்தில் சந்தையில் அலுமினிய ரிம்கள் வாங்கி மாட்டினான். போல்ட்டுகள் மட்டும் பழையவை. சக்கரம் போய் உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக இருந்தது. அதைச் சுரண்டவும் இல்லை.

ஜூன் தொடக்கத்தில் பஞ்சர் ஒட்ட முன்சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. டயர் கடைக்காரன் தோரோன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைந்த பரப்பில் பாதி பளபளத்தது. மீதி பாதி கருத்துப் போயிருந்தது.

"இது இன்னைக்கு ஒடஞ்சது இல்ல பைகே," என்றான். எர்மெக் வயதில் மூத்தவன் என்பதால் அண்ணன் முறை வைத்துத்தான் அவன் பேசுவான். "பாதி எப்பவோ விரிசல் விட்டிருக்கு. நீ ஏறி ஏறி மிதிச்சு இழுபட்டுப் போச்சு. இழுபட்ட போல்ட்டுக்குப் பிடிப்பு கிடையாது. சக்கரம் மயிரிழை ஆடும். சுத்துக்குச் சுத்து வளைஞ்சு ஒடியும். அதுவும் இந்த ரிம்முல குழி உருண்டை, உன் போல்ட்டுக்குக் கழுத்து கூம்பு. ஓரத்துலதான் ஒட்டிட்டு நிக்குது."

"இழுபடறதுக்கு இது என்ன லக்மான் நூடுல்ஸா?"

"சிரிக்காத. மத்த நாலும் இதே பாட்டைத்தான் பட்டிருக்கு. ஒண்ணு போனா எல்லாத்தையும் மாத்தணும்."

"உன்கிட்ட இருக்கா?"

"இல்ல. பிஷ்கெக்லதான் கிடைக்கும்."

"அங்கதானே போறேன். வாங்கிக்கிறேன்."

தோரோன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "போல்ட் வாங்கப் போற வண்டியும் அதுதானா?"

எர்மெக் மிச்ச நாலு போல்ட்டிலேயே சக்கரத்தை மாட்டினான். வண்டியில் ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

ஊர் தாண்டியதுமே அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. வளைவுகளில் மட்டும், டிக், டிக் என்று. முன்னிருக்கையில் இருந்த மாட்டு டாக்டரம்மா காதைச் சாய்த்தார். "தம்பி, கீழ ஏதோ தட்டுதே."

"கல்லு தெறிக்குது எஜே." அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தான். ஆனால் ஸ்டியரிங்கின் நடுக்கம் உள்ளங்கையில் ஏறிக்கொண்டே வந்தது. அதைக் குறைக்க எந்தத் திருகும் இல்லை.

கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினான். காற்றே இல்லை. சக்கரத்தின் போல்ட் குழிகளிலிருந்து பழுப்புத் துருக்கோடுகள் வழிந்திருந்தன. தொட்டான், சுட்டது. குழாயைச் செருகி ஏறி மிதித்தான். இரண்டு போல்ட்டுகள் இறுகி நின்றன. மூன்றாவது இறுகாமல், வெண்ணெயில் கத்தி போல, சுற்றிக்கொண்டே போனது. நான்காவதை அவன் தொடவே இல்லை.

அந்த இடத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. குழாயை டிக்கியில் போட்டான். ஏறி உட்கார்ந்தான்.

"சரியாயிடுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ஆயிடுச்சு."

இறக்கத்தில் புல்வெளி தெரிந்ததும் சத்தம் நின்றுபோனது. அடுத்த நொடி கார் இடதுபக்கம் சரிந்து விழுந்தது. தார் கிழிந்து தீப்பொறி பறந்தது. வண்டி மண்மேட்டில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. உள்ளே யாருக்கும் அடியில்லை. எர்மெக் தலையை நிமிர்த்தியபோது அவனுடைய சக்கரம் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சாலையை விட்டு இறங்கி, புல்மேட்டில் துள்ளித் துள்ளி, வேகம் பிடித்து, கோடை மேய்ச்சலுக்கு வந்தவர்களின் கூடாரங்களை நோக்கிப் போனது. அங்கே ஒருத்தி சாலைக்கு முதுகைக் காட்டிக் குந்தியபடி குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தாள். எர்மெக் தொண்டை கிழியக் கத்தினான். குதிரைதான் முதலில் திரும்பிப் பார்த்தது.

அவள் பெயர் சய்கல். இடுப்பெலும்பும் தொடையும் முறிந்திருந்தன. அவளைக் கோச்கோர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு, அவள் புருஷன் போலோத்கான் எர்மெக்கை அடிக்கக்கூட இல்லை. குட்டிகள் கட்டிய கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"குதிரைங்களுக்கு மடி கட்டிக்கிட்டு நிக்குது. எனக்குக் கறக்க வராது. யாரு கறப்பா?"

"நான் கறக்கறேன்," என்றான் எர்மெக்.

முதல் நாளே ஒரு குதிரை அவனை உதைத்து மல்லாத்தியது. போலோத்கான் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, தூக்கிவிட வரவில்லை. எர்மெக் அந்தக் கோடை முழுவதும் அங்கேயே இருந்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை திரும்பத் திரும்பக் கறக்க வேண்டும்.

முதல் உறைபனி விழுந்த பிறகு சய்கல் கோலூன்றித் திரும்பி வந்தாள். பால் வாளியோடு நின்றவனைப் பார்த்தாள்.

"மேல, உச்சியில நிறுத்திப் பாத்தியாமே. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாங்க."

"பாத்தேன் எஜே."

"ஆடுறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறமும் ஏறி உக்காந்தே."

"ஆமா."

அவள் வாளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்றே அவன் ஊர் திரும்பினான்.

எர்மெக் மறுபடி வண்டி ஓட்டுகிறான். போல்ட்டுகள் எல்லாம் புதிது, ரிம்முக்குப் பொருந்திய கழுத்து. சக்கரம் உட்காரும் இடத்தைக் கம்பிப் பிரஷால் தேய்க்கிறான். போல்ட்டை முதலில் கையாலேயே திருகி, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறான். அளவு காட்டும் ஸ்பேனர் 'க்ளிக்' என்றதும் கையை எடுத்துவிடுகிறான். சக்கரம் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆட்களை இறக்கி நிறுத்தி, மறுபடி சோதிக்கிறான். "என்னப்பா இரும்புக்கை, கை மரத்துப் போச்சா?" என்று நிறுத்தத்தில் கேலி செய்கிறார்கள். அவன் ஸ்பேனரைத் துடைத்து டிக்கியில் வைக்கிறான்.

கோடையில் அந்தப் புல்வெளியைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கிறான். போலோத்கான் சில நாள் கையை உயர்த்துகிறான், சில நாள் இல்லை. சய்கல் மட்டும், அந்தக் கார் மேட்டில் தெரிந்தவுடன், வெளியே விளையாடும் பிள்ளைகளை அதட்டிக் கூடாரத்துக்குப் பின்னால் அனுப்பிவிடுகிறாள்.