பஹ்ரைனில் ஊதிய கெட்டிமேளம்

நான் ஏன் வீட்டில் சாக்ஸபோனைத் தொடுவதில்லை என்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். பல்வலி என்றேன், நெஞ்சுவலி என்றேன். இரண்டும் இல்லை. எட்டாவது வரைதான் படித்தவன் நான். எழுத வந்தவரை எழுதுகிறேன்.

நம் வீட்டில் தறி இருந்தும் எனக்குத் தறியில் உட்கார முடியவில்லை. ஆரணியில் கல்யாணங்களுக்குப் போகும் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதினேன். அப்புறம் பட்டாளத்து பேண்டில் சேர்ந்து, சாக்ஸபோனும் நோட்டுப் பார்த்து வாசிக்கவும் கற்றேன். அதை விட்டு பெங்களூரில் ஒரு கிளப்பில் வாசித்தபோது, அங்கே பியானோ வாசித்தவர் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். எழுபதுகளின் நடுவில் பஹ்ரைனில் ஒரு ஓட்டலுக்கு அவர் ஜாஸ் பேண்டு சேர்த்தபோது என்னையும் கூட்டிப் போனார். அப்போது பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான்.

ஜாஸில் காகிதத்தில் பாட்டின் எலும்புதான் இருக்கும். நடுவில் நம் முறை வரும். அப்போது காகிதத்தில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் நமக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் வெளியே வரும். இதைப் பெரிய விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றபடி அது ஒரு வேலை. ஓட்டலுக்கு அடியில் சமையல்கட்டை ஒட்டிய அறையில் தங்கினோம். சாயங்காலமானால் கோட்டு மாட்டிக்கொண்டு மேலே போவோம். தட்டில் கத்தி படும் சத்தத்துக்குக் கீழே எங்கள் சத்தம் இருக்க வேண்டும் என்று ஓட்டல் மேனேஜர் சொல்லியிருந்தார். சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பாட்டு முடிந்தது கூட அவர்களுக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து போகிற களம்பூர்க்காரர் ஒருவரிடம் உங்கள் அம்மா கேசட் கொடுத்தனுப்புவாள். கடிதத்துக்குப் பதில் நீங்கள் பேசுவீர்கள். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த கேசட்டில் பெரியவள் கேட்டாள்: "அப்பா, ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டு எனக்கா, தம்பிக்கா? அம்மா சொல்லமாட்டேங்குது." உடனே அம்மாவின் குரல்: "டேப்பு ஓடிகினு இருக்குது. சண்டைய உட்டுட்டு ஒழுங்கா பேசு."

அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிற சமயம், அதைப் புதுப்பித்தால் குடும்பத்தோடு தங்க வீடு தருகிறோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் அதை உடனே ஊருக்குச் சொல்லிவிட்டேன். அம்மா தறியில் புதுப் பாவு ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். பெரியவள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அந்த மாதம் ஓட்டலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கல்யாண விருந்து. அவர்கள் வழக்கப்படி மணப்பெண் அப்பாவோடு ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும். அவளுக்கு அப்பா இல்லை, சமீபத்தில்தான் தவறியிருந்தார். அவருக்குப் பிடித்த மெதுவான பாட்டுக்கு அம்மாவோடு ஆடப்போகிறாள் என்று பியானோக்காரர் சொன்னார்.

"நடுவுல நீ தனியா வாசிக்கிற. மேனேஜர் முன்னாடியே உக்காந்துகினு இருப்பான். இது நல்லா வந்துச்சுன்னா உன் சம்சாரத்துக்கு நானே பிரியாணி ஆக்கிப் போடறேன்."

"உங்க பிரியாணிய சாப்பிட்டா அவ அடுத்த ஏரோப்ளேன்ல திரும்பிடுவாண்ணா."

சிரித்தபடியே மேலே போனோம்.

பாட்டு தொடங்கியது. என் முறை வந்தது. நாலைந்து வரி நன்றாகவே வந்தது. அன்றைக்குக் கத்திச் சத்தம்கூட இல்லை, எல்லோரும் கேட்டார்கள். அப்போது அந்த அம்மா மகளின் தோளில் முகம் வைத்து வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

நம் ஊர்க் கல்யாணத்தில் தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழக்கூடாது. ஐயர் விரலை ஆட்டினால் மேளக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் மூச்சு இருக்கிற மட்டும் ஊத வேண்டும். யாராவது விசும்புவது கேட்டால் விரலுக்குக் காத்திருக்காமலே ஊதிவிடுவோம். மீசை முளைக்காத காலத்திலிருந்து ஊதிய வாய் இது.

நான் யோசிக்கவில்லை. எழுந்து நின்று ஊதினேன். உச்ச ஸ்தாயியில், வேகமாக. எனக்கு ஏதோ சைகை வந்திருக்கிறது என்று எண்ணி டிரம்ஸ்காரரும் அடித்துவிட்டார்.

மணப்பெண் ஆட்டத்தை நிறுத்தினாள். அந்த அம்மாவின் அழுகையும் நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நடு வீட்டில் அன்னியன் நுழைந்துவிட்டது போலப் பார்த்தாள்.

கீழே வந்ததும் பியானோக்காரர் கேட்டார்: "இன்னா மேன் பண்ண நீ?"

"அழுவுற சத்தம் கேட்டுச்சுண்ணா. கல்யாணத்துல கேக்கக்கூடாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அழுவறதுக்குத்தான் மேன் அந்தப் பாட்டையே கேட்டாங்க." கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நீ நல்லதுக்குத்தான் பண்ணே, எனக்குத் தெரியுது. ஆனா இத்த நான் அவங்கிட்ட எந்த இங்கிலீஷ்ல போய்ச் சொல்றது?" என்றார்.

எந்த இங்கிலீஷில் சொன்னாரோ, மேனேஜருக்குப் புரியவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் மூன்று பேரும் நின்றிருந்தீர்கள். பெரியவள் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எப்பப்பா போறோம்?" என்றாள்.

"போகலம்மா."

தம்பி காதில் விழாதபடி கிட்டே வந்து சொன்னாள்: "ஜன்னல் சீட்டு அவனே வெச்சிக்கட்டும்பா. நான் கேக்கமாட்டேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பழைய பேண்டு செட்டில் திரும்பச் சேர்ந்தேன். களம்பூரில் ஒரு மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் எல்லோரும் ஊத, எனக்கு மூச்சு வரவில்லை. இந்தச் சத்தத்துக்கு அடியில் யார் அழுகிறார்கள் என்று காது தேடத் தொடங்கிவிட்டது. செட்டுக்காரர், "பாரின்ல ஊதினவரு நம்ம ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஊதுவாரா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அப்படியே ஆனது. நிறுத்திவிட்டு நெல் மில்லில் மூட்டைக்குக் கணக்கு எழுதப் போனேன். அங்கே யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நிம்மதி, அதையும் நிம்மதி என்று சொல்லலாமா தெரியவில்லை. அங்கேயும் ஆகாதவன், இங்கேயும் ஆகாதவன் என்ற எண்ணம் இன்றுவரை போகவில்லை.

பெரியவளே, உன் கல்யாணத்தில் என்னை வாசிக்கச் சொன்னாய். முடியாது என்றேன். கௌரவம் பார்க்கிறேன் என்று உன் மாமனார் வீட்டில் பேசிக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். தாலி ஏறும்போது ஐயர் விரலை ஆட்டினார், கெட்டிமேளம் கொட்டியது. நீ என் பக்கம் திரும்பி அழுதாய். உன் வாய் அசைந்தது, ஏதோ சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.