கோஜோவும் பாயின் இடது கையும்

கோஜோவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கானாவில் தக்கோராடி துறைமுகத்துப் பக்கம் பிறந்தவன். நைஜீரியாவின் லாகோஸில் ஒரு இசைக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினான். பிறகு கணினி படிக்கத் திருச்சிக்கு வந்து, மேற்படிப்பும் சேர்ந்து, தென்னூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறான். வீட்டுக்காரர் புதிதாகக் கட்டில் வாங்கித் தருகிறேன் என்றபோதுகூட, "எதுக்குங்க, எப்போ கிளம்புவேன்னு எனக்கே தெரியாது" என்று பாயில் படுத்துக்கொண்டான்.

இத்தனை நாள் அவனை இங்கே நிறுத்தி வைத்திருந்தது தாஜுதீனின் இன்னிசைக் குழு. தாஜுதீன் கீபோர்டு, இளவரசன் டிரம்ஸ், ஸ்ரீரங்கத்து வைஷ்ணவி பாட்டு, கோஜோ பேஸ் கிட்டார். இப்போது அவனை விரட்டிக்கொண்டிருந்ததும் அதே குழுதான்.

இந்தப் பக்கத்துக் கச்சேரிகளில் பேஸ் கிட்டாருக்கென்று ஆள் வைப்பது அரிது. பாட்டுக்கு அடியில் ஓடும் அந்தக் கனத்த அடிக்குரலைக் கீபோர்டுக்காரரின் இடது கையே வாசித்துவிடும். கல்யாண மண்டபம், திருவிழா மேடை என்று தாஜுதீன் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் வாசித்திருக்கிறார். கோஜோவைத் தானே தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்ட பிறகும் அந்தக் கை ஓயவில்லை. ஒரே பாட்டுக்கு இரண்டு பேஸ். ஒலிபெருக்கியில் வருவது யாருடையது என்று கோஜோவுக்கே சந்தேகம்.

பெங்களூரிலிருந்து ஒரு குழு அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அன்று இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று மாலைதான் தொட்டியத்துத் திருவிழாவில், முதன்முறையாக அவன் மெட்டமைத்த பாட்டு மேடையேறப்போகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பற்றி வைஷ்ணவி எழுதிய வரிகள். மெட்டு கோஜோவின் ஊர்ச் சாயல். அதில் தாளத்தின் முதல் அடியில் பேஸ் பேசாது. ஒரு மூச்சு பொறுத்துத்தான் உள்ளே வரும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் கேட்பவனின் இடுப்பு அசையும்.

வேன் முசிறியைத் தாண்டியதும் கோஜோ வாயைத் திறந்தான். "பாய், ஒண்ணு சொல்லிடறேன். என் பாட்டுல உங்க இடது கை வந்துச்சுன்னா நான் பெங்களூர் போயிடுவேன்."

"வராதுப்பா. என் கைமேல சத்தியம்" என்றார் தாஜுதீன்.

"எந்தக் கைமேல பாய்?" என்றான் இளவரசன்.

வேன் முழுக்கச் சிரிப்பு. கோஜோ மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேடையில் விழாக் குழுக்காரர் மைக்கைப் பிடித்து, "ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக வருகை தந்திருக்கும்" என்று தொடங்கினார்.

"தென்னூர்லேர்ந்து வரேங்க" என்றான் கோஜோ. கூட்டம் விசிலடித்தது.

அம்மன் பாட்டு, சினிமாப் பாட்டெல்லாம் முடிந்து அவன் பாட்டு வந்தது. முதல் இரண்டு வரி அவன் நினைத்தபடியே போயிற்று. மூன்றாவது வரியில், அவன் காலியாக விட்டிருந்த அந்த இடத்தில் 'தும்' என்று ஒரு சத்தம். தாஜுதீன் கண்களை மூடி ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்தது இடது கை.

கோஜோ விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான். பாட்டு நிற்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் இல்லாவிட்டாலும் இது இப்படியே போகும் என்று நினைத்தான். கிட்டாரின் தோள்வாரைக் கழற்றக் கை போயிற்று.

பேஸ் பேசாத அந்த இடைவெளியில்தான் வைஷ்ணவி மூச்சு வாங்குவாள். அது அடைபட்டதும் தடுமாறினாள். மைக்கை விலக்கிக்கொண்டு, "பாய், கை!" என்றாள்.

தாஜுதீன் கண் திறந்து, வேறு யாருடைய கையோ என்பதுபோல் தன் இடது கையைப் பார்த்தார். வெடுக்கென்று எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாட்டின் அடிப்பாகம் சட்டென்று காலியாயிற்று. ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று பதறி, மைக்செட்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஒலிபெருக்கியைத் தட்டினார். கோஜோ அவரைப் பார்த்தான். தோள்வாரிலிருந்து கையை எடுத்தான். முதல் அடியைப் போகவிட்டு உள்ளே வந்தான். குனிந்திருந்த மைக்செட்காரர், தான்தான் சரி செய்தோம் என்ற திருப்தியில் தலையாட்டினார்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் தாஜுதீன் கையை உதறிக்கொண்டு நின்றார். "மரத்துப்போச்சுப்பா. இப்போ சந்தோஷமா?"

"அடுத்த கச்சேரிலயும் கைமேல உக்காருவீங்களா பாய்?"

"உன் பாட்டுக்கு உக்காருவேன். மத்த பாட்டுக்கெல்லாம் நான் சத்தியம் பண்ணல." டீயைக் குடித்துவிட்டு மேடையேறினார்.

கோஜோ போனை எடுத்தான். பெங்களூருக்கு 'வரவில்லை' என்று எழுதினான். அழித்தான். கொஞ்ச தூரம் நடந்தான், திரும்பி வந்தான். 'இந்த மாதம் வரவில்லை' என்று எழுதி அனுப்பினான்.

அதற்குள் மேடையில் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. பேஸும் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது.

"பாய்!" என்று கத்திக்கொண்டே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.