தணிகாசலம் பிடித்த கெளுத்தி

தணிகாசலம் மூன்று வருடம் தொலைதூரத்து ஏனாமில் வேலை பார்த்தார். அரசாங்கத்தில் கிளார்க், மாற்றல் வந்தால் போகத்தான் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி சொந்த ஊரில் சாரம் பகுதியிலிருக்கும் வீட்டுக்கு வருவார். கிளம்பும்போது மகள் அபிக்கு நாலு வயது. ஒரேயடியாகத் திரும்பியபோது ஏழு. இப்போது அவர் கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட அவரைத் தாண்டிக்கொண்டு அம்மாவிடம் போவாள்.

அதற்காகத்தான் இந்த மீன்பிடிப் பயணம். நோணாங்குப்பத்தில் வெற்றிச்செல்வன் என்ற மீனவர் குடும்பங்களைப் படகில் ஏற்றி, முகத்துவாரம் தாண்டி, கரையோரக் கடலில் தூண்டில் போடக் கற்றுத்தருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். அபியின் முதல் மீனைத் தன் கையால் தூண்டிலிலிருந்து கழற்றித் தரவேண்டும். அதற்காக இரண்டு வாரம் போனில் பார்த்துத் தூண்டில் முடிச்சுப் போடப் பழகினார்.

படகில் அந்த முடிச்சு அவிழ்ந்துபோனது. வெற்றிச்செல்வன் ஒன்றும் சொல்லாமல் வேறு முடிச்சுப் போட்டார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தூண்டி நரம்ப வெரல்ல சுத்திக்காத பாப்பா. சும்மா வெரல் மேல வெச்சுக்கோ. மீனு வந்து கதவு தட்டும்."

"தொறக்கணுமா மாமா?"

"யாருன்னு கேட்டுட்டுத் தொற."

அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏனாமிலிருந்து வந்து நாலு மாதமாகிறது, அந்தச் சிரிப்பை அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. பார்த்த பத்தாவது நிமிடத்தில் அந்த ஆள் மாமா ஆகிவிட்டார்.

"ஏங்க, மூஞ்சி ஏன் அப்பிடி இருக்கு? வாந்தி வருதா?" என்றாள் மனைவி நிர்மலா.

"இல்ல."

"மாமா, தட்டுது! தட்டுது!"

கூப்பிட்டது மாமாவை. வெற்றிச்செல்வன் நரம்பை இழுத்தார். சாம்பல் நிறத்தில் மீசை வைத்த கெளுத்தி ஒன்று பலகையில் விழுந்து துள்ளியது. குறடை எடுக்க அவர் குனிந்தார். இதைவிட்டால் வேறு நேரமில்லை என்று தணிகாசலம் பாய்ந்து அதை இறுக்கிப் பிடித்தார்.

"சார், கைய எடு! முள்ளு!"

கெளுத்தியின் துடுப்பு முள்ளை மீனவர்கள் உடைத்துவிட்டுத்தான் விற்பனைக்கு அனுப்புவார்கள். சாரத்து மீன்கடையில் தணிகாசலம் நாற்பது வருடமாகப் பார்த்த கெளுத்தி எதற்கும் அந்த முள் இருந்ததில்லை. உள்ளங்கையில் முள் ஏறியது. விஷம் தோள்வரை கடுத்தது. வாய்விட்டு அலறிவிட்டார்.

வெற்றிச்செல்வன் முள்ளை எடுத்தார். பிளாஸ்கிலிருந்த வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, தணிகாசலத்தின் கையை அதில் வைத்தார். "கொஞ்ச நேரத்துல எறங்கிடும் சார். பாப்பா, நீ போடு. இன்னும் கொடுவா மீனு பாக்கலியே நாம."

அபி தூண்டிலைத் தொடவில்லை. படகின் குறுக்கே தவழ்ந்து வந்து தணிகாசலத்தின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தாள். கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாப்பா?"

அவரிடம் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"கொடுவா வேணாமா பாப்பா?" என்றார் வெற்றிச்செல்வன்.

"வேணாம். அப்பாவுக்கு வலிக்குது. கரைக்குப் போலாம்."

படகு திரும்பியது. பாதி வழியிலேயே வலி நன்றாகக் குறைந்துவிட்டது.

"இப்ப எப்பிடி சார்? கொறஞ்சிருக்கணுமே?"

அபி இன்னும் முழங்காலில் சாய்ந்திருந்தாள். தணிகாசலம் வெற்றிச்செல்வனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இல்லப்பா. அப்பிடியேதான் இருக்குது."