வாசலில் நிற்காத வண்டி

பயிற்சிக்குப் போக வேண்டிய காலையில் மலர்விழி இட்லி அவித்து, சாம்பார் வைத்து, கணவர் ஆனந்தராஜுக்கு மதியச் சாப்பாட்டையும் மூடி வைத்தாள். பிறகு தோள்பையைத் திறந்து அந்த டப்பா இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மேலே கால்சியம் மாத்திரை என்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஒரு ராத்திரிகூட விடாமல் போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரை. திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அவளே வாங்கி வந்து, டப்பா மாற்றி, குலுக்கினால் சத்தம் வராதபடி பஞ்சு அடைத்து வைத்திருந்தாள்.

கலைப்பிரியாவுக்கான மாத்திரை அது. ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம். முதல் ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது. அவள் புருஷன் ரஞ்சித்துக்கும் இருந்தது. அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை, எப்போதாவதுதான் ஊருக்கு வருவான். ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும் மலர்விழியும்தான். மாமியார் வீரம்மாளுக்குத் தெரியாது. மாத்திரை விடாமல் போட்டு, ஆஸ்பத்திரியில் பெற்று, குழந்தைக்குப் பிறந்தவுடன் சொட்டு மருந்தும் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு வராமல் தடுத்துவிடலாம். மலர்விழி இதைப் பல பெண்களுக்குப் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறாள். சொன்னது நடந்தும் இருக்கிறது.

ஆனால் கலைப்பிரியா கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

முதல் தடவை வீரம்மாள், "அவ தூங்குறா, அப்பறம் வாங்க" என்றாள். அடுத்த தடவை கலைப்பிரியாவே வந்து கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இனிமே எங்க வூட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். போனை அணைத்து வைத்துவிட்டாள். ரஞ்சித்துக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமென்றால், அனுப்புகிற ஆளுக்கும் விஷயம் தெரிந்துவிடும். கலைப்பிரியாவிடம் இருக்கிற மாத்திரை இந்த வாரத்தோடு தீரும். ஏன் சாத்தினாள் என்று மட்டும் மலர்விழிக்கு விளங்கவில்லை.

அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்த்தால், கடிப்பது தெரியும், வலிக்காது. கொஞ்ச காலமாக எல்லாமே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. கலைப்பிரியா கதவைச் சாத்திய அன்றைக்கும் அடுத்த தெருவில் தடுப்பூசி போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள்.

வல்லம் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் நர்ஸ் படிப்பு, கையோடு கிராமச் செவிலியர் வேலை. திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் ஆனந்தராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒரே மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிறான். எச்.ஐ.வி.க்கான முதல் பயிற்சிக்கு அவளை அனுப்பியபோது மகன் இடுப்பில் இருந்தான். சிகிச்சை எடுத்துக்கொள்ளும் ஒரு பெண்மணி அன்றைக்கு வந்து பேசினாள். பேசி முடித்து அவளே டீ ஊற்றிக் கொடுத்தபோது பாதிப் பேர் டம்ளரைத் தொடவில்லை. மலர்விழி தொட்டாள், குடிக்கவும் செய்தாள், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்தப் பயிற்சியில் சொன்ன ஒன்றை மட்டும் வேதமாகப் பிடித்துக்கொண்டாள்: அப்படிப்பட்டவர்கள் வீட்டு வாசலில் உங்கள் வண்டியை நிறுத்தாதீர்கள். அன்றிலிருந்து அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஸ்கூட்டியை எங்காவது தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போவாள். கலைப்பிரியாவின் தெருவென்றால் தண்ணீர்த் தொட்டியடி.

விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்த கூடத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. பயிற்சியாளர் அறிவுச்செல்வன் நல்ல மனுஷர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஆணுறையை எப்படிக் காட்டுவது, புருஷனையும் பரிசோதனைக்கு எப்படிக் கூப்பிடுவது, கர்ப்பிணியிடம் முடிவை எந்த வார்த்தையில் தொடங்கிச் சொல்வது என்று படிப்படியாகக் கொண்டு போனார். வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள் என்பதும் திரையில் வந்தது. மலர்விழி பழக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டாள். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். உப்பு கம்மி என்று பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னதால்தான் அவளுக்கும் தெரிந்தது.

கடைசி நாள் நடிப்பு. "பாடமெல்லாம் போதும், ஆளுக்கொரு வேஷம் போடுங்க" என்றார் அறிவுச்செல்வன். வளவனூர்ப் பக்கத்துச் சின்னப் பெண் பானுப்ரியா நர்ஸ். மலர்விழி கர்ப்பிணி. கோட்டக்குப்பம் பக்கத்திலிருந்து வந்திருந்த சாஜிதா, வாய் ஓயாதவள், பக்கத்து வீட்டுக்காரி. யாருக்கும் வசனம் கிடையாது, வாயில் வந்ததைப் பேச வேண்டியதுதான்.

பானுப்ரியா கூடத்தின் கோடியில் ஒரு நாற்காலியை வண்டியாகப் பாவித்து நிறுத்தினாள். பூட்டி, சாவியைப் பையில் போடுவதுபோல் செய்து, நடுவே நடந்து வந்தாள். "சபாஷ், வண்டி தூரமா நின்னுடுச்சி பாருங்க" என்றார் அறிவுச்செல்வன். சாஜிதா முந்தானையைச் செருகிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னா நர்சம்மா, நடந்து வர்றே? எம்மருமவளப் பாக்க வந்தப்போ வாசப்படி மேலயே ஏத்தி நிறுத்தினியே வண்டிய. எதுத்த வூட்டு அமீர் பாட்சா பொண்டாட்டிக்கு ஊசி போட வந்தப்போ ஆரன் வேற அடிச்ச. இவ வூட்டுக்கு மட்டும் பூன மாதிரி வர்றியே, உள்ள அப்பிடி இன்னா வெச்சிக்கினு இருக்கா இவ?"

கூடமே சிரித்தது. பானுப்ரியா வேஷத்தை மறந்து தானும் சிரித்துவிட்டாள். "சாஜிதாக்கா, பேஜாரு பண்ணாத. எனக்குப் பதில் வர்ல."

"நெசமான பக்கத்து வூட்டுக்காரி இத்தோட வுடுவாளா? இன்னும் கேப்பா."

அறிவுச்செல்வனும் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவங்க சொல்றதுல நாயம் இருக்குது. இதப் பத்தி யோசிக்கணும்" என்றார். டீ வந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

மலர்விழி கர்ப்பிணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தன் நீல ஸ்கூட்டி நிற்பதைப் பார்த்தாள். கலைப்பிரியா வீட்டு வாசல் மட்டும் காலியாக இருந்தது. தெருவே அந்தக் காலி வாசலைப் பார்த்திருக்கிறது. தான் மறைத்தது அத்தனையும் அங்கே விரிந்து கிடந்திருக்கிறது. நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தாள். அடைக்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, குடித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கரும்பு லாரி ஒன்றின் பின்னாலேயே பஸ் ஊர்ந்தது. பையின் மேல் கை வைத்தபடி, ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி யோசித்தாள். வாசலில் வண்டி நிறுத்தினாலும் பேசுவார்கள், இத்தனை நாள் நிறுத்தாதவள் இப்போது ஏன் நிறுத்துகிறாள் என்று. அப்படியென்றால் இனி எந்த வாசலிலும் வண்டி நிற்கக் கூடாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆனந்தராஜிடம் கேட்டாள். "சுகருக்கு டாக்டரு தெனம் நடக்கத்தான சொன்னாரு உங்கள?"

"சொன்னாரு. நான் எங்க நடந்தேன்?" தோசையைப் பிய்த்தவர் நிமிர்ந்தார். "ஏன், உனக்கும் வந்துடுச்சா?"

"நாளைலேர்ந்து வந்துடும்."

அவள் வேலையைப் பற்றி அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. "அப்ப எனக்குக் கம்பெனி" என்று சட்னியை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஸ்கூட்டியைத் தண்ணீர்த் தொட்டியடியில் நிறுத்திவிட்டு, தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அப்பாதுரை வீட்டுக் கைக்குழந்தையை எடை போட்டாள். அடுத்த வீட்டில் ரத்த அழுத்தம். அதற்கடுத்து, கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த ஒருத்திக்கு இரும்புச்சத்து மாத்திரை. எல்லா வாசலிலும் அதே கேள்விதான் வந்தது.

"வண்டி எங்க நர்சம்மா?"

"தொட்டியண்ட. சுகரு வந்துடுச்சி, நடன்னுட்டாரு டாக்டரு. இனிமே இந்தத் தெருவுல எல்லா வூட்டுக்கும் நடதான்."

"ஐயையே, எவ்ளோ இருக்குது?"

"இருக்குது நெறைய."

"அதான் மொகமே ஒரு மாதிரி இருக்குது. கொஞ்ச நாளாவே பாக்கறேன். பாவக்கா சாறு குடி நர்சம்மா."

வீரம்மாள் வீட்டை மலர்விழி அடைவதற்குள் அவள் சர்க்கரை அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வீரம்மாள் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். எழவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எல்லா வூட்டுக்கும் நடந்தேதான் வந்தியா?"

"ஆமாக்கா."

வீரம்மாள் இரண்டு முறை புடைத்தாள். "இந்தத் தெருக்காரிங்க பேசாத பேச்சு இல்ல. எம்மருமவளுக்கு இன்னாவோ பெரிய நோவாம். அதனாலதான் நர்சம்மா வண்டிய ஒளிச்சி வெச்சிட்டு வருதாம். மூஞ்சி குடுக்க முடியல எனக்கு. இவளும் எதக் கேட்டாலும் அழுதுக்கினே இருக்கா."

"நோவு எனக்குத்தான்க்கா. ஊரறியச் சொல்ல வேணாம்னு பாத்தேன். தொட்டியண்டலேர்ந்து உங்க வூடு வரைக்கும் மட்டும் நடந்து பாத்துக்கினு இருந்தேன். இப்ப டாக்டரு திட்டிட்டாரு."

அவள் குரல் நடுங்கவில்லை. இவ்வளவு பொய்யை இத்தனை சமமாகச் சொல்ல முடிந்ததே என்று அவளுக்குத் தோன்றியது. அதுவும் தோன்றியதோடு சரி.

வீரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏ கலை, வெளிய வா. நர்சம்மா வந்துக்கீது."

கலைப்பிரியா வந்தாள். கண் வீங்கியிருந்தது, கால் வீக்கமில்லை. மலர்விழி முதலில் காலைத்தான் பார்த்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. வீரம்மாள் அடுப்படிக்குப் போனதும் டப்பா பையிலிருந்து கலைப்பிரியாவின் மடிக்கு மாறியது.

"நேத்து ராத்திரியோட தீந்துபோச்சிக்கா" என்றாள் கலைப்பிரியா, உதடு அசைந்தும் அசையாமலும். "இன்னிக்கி என்னா பண்றதுன்னு உக்காந்துக்கினு இருந்தேன்."

"ஒருநாளும் வுடலியே?"

"வுடல."

"பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத்தான வர்ற?"

கலைப்பிரியா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க வந்து கூட்டினு போனா வர்றேன்" என்றாள். பிறகு, "நெசமாவே உங்களுக்கு சுகராக்கா?"

"இந்தத் தெருவுல மட்டும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தனக்கும் ஏதாவது வருகிறதா என்று மலர்விழி ஒரு நொடி காத்துப் பார்த்தாள். பிறகு பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

வீரம்மாள் டம்ளரோடு வந்தாள். "சக்கர போடல, உனக்குன்னு தனியா போட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிக்கீறேன், இனிமே யாரும் உனக்குச் சக்கர போட மாட்டாங்க."

மலர்விழி டம்ளரை வாங்கினாள். அவளுக்கு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும், அதுவும் கிண்டாமல், அடியில் தேங்க வேண்டும். கலைப்பிரியா கதவைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றாள். மலர்விழி ஊதி ஊதி முழுக்கக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.