வெறும் ஐஸ் மீது ஒரு பாட்டு

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் வெளியே இருக்கும் குளிர் போதாதென்று ஐஸ் சறுக்கு அரங்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டு வதனி அக்கா. கீழே அவர் மகள் அபி பயிற்சியில் இருக்கிறாள்.

ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு தொடங்குகிறது. சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓரத்துக்கு விலகுகிறார்கள். நடுவிலோ யாரும் இல்லை. அங்கே வரவேண்டிய ஒரு பெண் மட்டும் ஓரத்துத் தடுப்பைப் பிடித்தபடி நிற்கிறாள்.

“அவ லித்துவேனியாப் பிள்ளை. இது அவ சறுக்கிற பாட்டு,” என்கிறார் அக்கா. “ஆரின்ர பாட்டுப் போகுதோ, அவைக்கு மற்றவை வழி விடவேணும். தன்ர நாட்டுக்காகப் போட்டிக்குப் போனவ. போன வருசம் ஐஸில துள்ளிப் பாயேக்க விழுந்து கால் முறிஞ்சுது. இப்ப வந்து சும்மா நிக்கிறா. எங்கட பிள்ளையின்ர நேரமும் எல்லோ போகுது.”

பாட்டு முடிகிறது. அவள் நகரவே இல்லை. அடுத்தது அபியின் முறை. பயிற்சியாளர் அவளைப் பார்க்கிறார். அபி தலையசைத்து மறுத்துவிட்டு, அதையே மறுபடி போடச் சொல்லி விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுகிறாள்.

அதே பாட்டு மீண்டும் தொடங்குகிறது. அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டுகிறார்.

“குடியுங்கோ. இருந்து பாத்திட்டுப் போவம்.”

அந்தப் பெண் இன்னும் தடுப்பை விடவில்லை. குறுக்கே யாரும் போகவில்லை.