ஐந்து மாடித் திரையும் நாலோங்கோவின் வாயும்

ப்வாயிஸேயில் நாலோங்கோ மைக்கைப் பிடித்துவிட்டால், தெருவில் சண்டை போடுகிறவர்கள்கூடச் சண்டையை அப்படியே நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் வந்துவிடுவார்கள். கம்பாலாவின் மழைத்தண்ணீர் முழுக்க வந்து சேர்கிற பள்ளத்துப் பேட்டை அது. ஒரு மழைக்கு முழங்கால் அளவு நிற்கும். நிற்கட்டுமே! பெஞ்சு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேட்டையே படம் பார்க்கும். படம் எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, பேசுகிறவள் நாலோங்கோதான். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதை இவள் ஊர்ப் பாஷையான லுகாண்டாவில் பேசுவாள். அவர்கள் பேசாததையும் சேர்த்துப் பேசுவாள். கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தால், “குதிடா ராசா, கீழ நம்ம ஊரு சாக்கடைதான், அடிபடாது” என்பாள். கொட்டகை அதிரும்.

சொந்தப் பெயர் கத்ரீனா நபுக்கேரா. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவளை நாலோங்கோ என்று கூப்பிடுவதுதான் மரியாதை. இரட்டைப் பிள்ளைச் சடங்கில் சொந்தபந்தமெல்லாம் கூடிக் கூசாமல் கெட்ட வார்த்தையில் பாட்டுப் பாடும். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், ஆனால் இவள் வாயைப் பொறுத்தவரை அந்தச் சடங்கு இன்னும் முடியவில்லை.

கொட்டகை வாசலில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவள்தான். ஒருநாள் படம் சொல்கிறவன் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தான், கூட்டம் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தது, இவள் கடலைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள். அதற்கப்புறம் அதைக் கீழே வைக்கவில்லை. பக்கத்துப் பேட்டைகளில் படம் சொல்கிற ஆண்களுக்கு வயிறு எரிந்தது. “பொம்பளக் குரலுக்குத் துப்பாக்கிப் படம் எடுபடாது” என்றான் ஒருவன். “ஏன், துப்பாக்கி என்ன உன் தொண்டையிலயா வெடிக்குது?” என்று கேட்டாள். போனவன் போனவன்தான்.

இடைவேளையில், வரப்போகும் படங்களின் முன்னோட்டங்களைப் போடுவாள். இரண்டு நிமிட முன்னோட்டத்தை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிடுவாள். பிறகு படம் வந்து, கதை வேறாக இருந்தால், “எடுத்தவன் கெடுத்துட்டான்” என்பாள். கூட்டமும் எடுத்தவனைத்தான் திட்டும்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்து மாலில் ஐந்து மாடி உயரத் திரையோடு ஒரு தியேட்டர் திறந்தார்கள். அந்த ராட்சதத் திரைக்கென்றே எடுத்த படங்கள்தான் அங்கே ஓடுமாம். அடுத்து வரவிருந்த படங்களில் ஒன்று ஊரை ஒட்டிய நம் ஏரியைப் பற்றியது. வாடகை பைக் ஓட்டும் ஸெம்பெப்வா அதன் முன்னோட்டத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தான். கொட்டகையில் போட்டார்கள். தண்ணீர், பறவைகள், படகுகள். அப்புறம் இரண்டு கைகள் மட்டும், ஒரு பெரிய மீனின் முதுகெலும்பை மளுக்கென்று ஒடித்தன. இடது கட்டைவிரலில் எண்ணெய் சுட்ட தழும்பு.

“ஐயோ, அது என் கைடி!” என்று கத்தினாள் நம்போஸே.

நம்போஸே மீன் எலும்பு விற்கிறவள். ஏரிக்கரைக் கம்பெனிகள் பெரிய மீனின் சதையைச் செதுக்கி விமானத்தில் அனுப்பிவிட்டு, தலையையும் முள்ளையும் வாசலில் விற்றுவிடும். அதை வாங்கிவந்து எண்ணெயில் பொரித்து விற்பாள். பேட்டை மீன் என்று தின்பது அதைத்தான்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னால வெள்ளக்காரனுங்க ஆட்டுக்குட்டி கனத்துல ஒரு கேமராவத் தூக்கிட்டு வந்தானுங்க. கைய மட்டும் எடுத்தானுங்க. மூஞ்சி வேணாமாம்!”

“உன் மூஞ்சிக்கு அஞ்சு மாடி பத்தாதுன்னு நெனச்சிருப்பான்” என்றாள் நாலோங்கோ மைக்கில். கொட்டகை சிரித்தது.

நம்போஸே சிரிக்கவில்லை. “சிரிப்பு இருக்கட்டும். படத்துல என் கையப் பத்தி என்ன சொல்றான்? அதச் சொல்லு.”

முன்னோட்டத்தில் அந்த இடத்தில் வெறும் பாட்டுத்தான். வேறு யாருடைய கையாக இருந்தாலும் நாலோங்கோ ஒரு கதை கட்டியிருப்பாள். நம்போஸேயின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு.

“படம் வரட்டும். அந்தப் பெரிய திரைக்கு முன்னாலயே ஒக்காந்து, அவன் என்ன சொல்றான்னு உனக்கு நான் சொல்றேன். சொல்லலேன்னா இந்த மைக்க இனிமே தொடமாட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க!”

மைக்கில் சொல்லிவிட்டாள். இனி வாபஸ் வாங்க முடியுமா?

மறுநாளே தியேட்டருக்குப் போனாள். மேலாளர் முகீபி, டை கட்டிய உள்ளூர்க்காரர். மண்டியிட்டு முறைப்படி வணக்கம் சொன்னாள். எழுந்ததும் சண்டையை ஆரம்பித்தாள்.

“ஏரிப் படத்துக்கு நான் படம் சொல்லணும் சார். எங்காளுங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“இது கொட்டகை இல்லம்மா. இங்க சுத்திச் சுத்தி ஒலி வரும். அதக் கொறைக்க முடியாது. நடுவுல ஆளுங்க பேசுறது இங்க வழக்கமில்ல.”

“ஏரி எங்களோடது, கை எங்களோடது, கதை மட்டும் உங்களோடதா?”

“கத்தாதீங்க. இங்கிலீஷ் தெரியாதவங்க படத்தப் பாத்தாப் போதும். பாக்க அழகா இருக்கும்.”

“கல்யாண வீட்டுல சோத்தப் பாத்துட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருக்கு சார் நீங்க சொல்றது!”

காவலாளியை விட்டு வெளியே அனுப்பினார். பேட்டையில் செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. “என்ன நாலோங்கோ, மைக்கு விலைக்கு வருமா?” என்று பக்கத்துப் பேட்டைக்காரன் ஆளனுப்பிக் கேட்டான். அவள் பதிலே சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததைப் பார்த்துத்தான் பேட்டைக்குப் பயம் வந்தது.

ஆனால் முதல் காட்சிக்கு அந்தப் படத்தை எடுத்த வெள்ளைக்காரரே வந்தார். அந்தக் கைக்குச் சொந்தக்காரியோடு நின்று போட்டோ பிடித்துக்கொள்ள வேண்டுமாம். முகீபி காரை அனுப்பினார். நம்போஸே காரில் ஏற மறுத்துவிட்டாள். “நாலோங்கோ வந்தா நான் வருவேன். இல்லேன்னா வெறும் கையோட போங்க.” கைக்குச் சொந்தக்காரி வரவில்லை என்று வெள்ளைக்காரரிடம் எப்படிச் சொல்வது? முகீபி போனில் பல்லைக் கடித்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “படம் ஓடும்போது அவங்க சத்தம் கேக்கக் கூடாது.”

“கேக்காது” என்றாள் நாலோங்கோ.

முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நம்போஸே சர்ச்சுக்குப் போகும் பட்டுக் கோமேஸி அங்கியைக் கட்டியிருந்தாள். விளக்கு அணைந்தது. அம்மாடி! ஏரி அப்படியே மேலே கவிழ்ந்த மாதிரி இருந்தது. ஒரு கொக்கின் கண் வீட்டுக் கதவளவு இருந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓர் ஆங்கிலக் குரல், பாதிரியார் மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டு வந்தது. நாலோங்கோ நம்போஸேயின் காதுக்குள் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே தன் சரக்கையும் சேர்த்தாள். நம்போஸே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பிறகு கைகள் வந்தன. ஐந்து மாடி உயரத்துக்கு நம்போஸேயின் கைகள். தழும்பு ஒரு தெருவளவு இருந்தது. குரல் பேசியது. நாலோங்கோ வாயை மூடிக்கொண்டாள்.

“என்னடி சொல்றான்?”

‘உன் கை அழகா இருக்காம்’ என்று சொல்லியிருந்தால் போதும். நம்போஸே பூரித்துப் போயிருப்பாள், சபதமும் நிறைவேறியிருக்கும், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. இத்தனை காலமும் அவள் செய்துவந்த வேலைதானே அது. ஆனால் அவளுக்கு உள்ளே பற்றி எரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“‘பசி பிடிச்ச கைகள். இந்த ஏரிய எலும்பாகுற வரைக்கும் உரிச்சுத் தின்னுக்கிட்டிருக்குற கைகள்.’ அப்படிங்கிறான்.”

“திரும்பச் சொல்லு.”

திரும்பச் சொன்னாள்.

நம்போஸே எழுந்தாள். கோமேஸியை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே திரையடிக்குப் போனாள். அவளுடைய விரல் நகமே அவளைவிட உயரமாக இருந்தது. திரையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள். படத்தின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை, கைகளுக்குக் கீழே அவள் பொம்மையளவாக நின்று கையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. பின்வரிசைகளில் முணுமுணுத்தார்கள். முகீபி பதறிப்போய்ப் படத்தை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். விளக்கு வந்தது. திரை வெள்ளையாகிவிட்டது. நம்போஸேயின் குரல் மட்டும் நிற்கவில்லை.

வெள்ளைக்காரர் எழுந்து நின்று, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார், சந்தோஷத்துல பேசுறாங்க” என்றார் முகீபி, அதே ஆங்கிலத்தில்.

நாலோங்கோவின் காதில் அது விழுந்தது. வரவேற்புரைக்காகத் திரையோரம் ஒரு மைக் நின்றுகொண்டிருந்தது. மைக் பிடிக்க அவளுக்குப் புதிதாகவா கற்றுக்கொடுக்க வேண்டும்? “அவ சந்தோஷத்த நான் சொல்றேன்” என்று எடுத்துக்கொண்டாள்.

முகீபி ஓடிவந்தார். “சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான உள்ள விட்டேன்!”

“படம் ஓடும்போது கேக்காதுன்னேன். இப்ப எங்க ஓடுது? நீங்கதான நிறுத்துனீங்க தம்பி.”

அவர் கை மைக்குக்கு நீண்டது. வெள்ளைக்காரர் வேண்டாமென்று தலையாட்டினார். நீண்ட கை அப்படியே நின்றது.

“நீ சொல்லுடி” என்றாள் நாலோங்கோ.

நம்போஸே சொன்னாள். ஒவ்வொரு வரியையும் நாலோங்கோ ஆங்கிலத்தில் சொன்னாள். கொட்டகையில் படம் பார்த்துக் கற்ற ஆங்கிலம், அங்கங்கே கொச்சை, ஆனால் தியேட்டர் முழுக்கக் கேட்டது.

“டேய் கழுத! சதையெல்லாம் ப்ளேன்ல உங்க ஊருக்குப் போகுது. எலும்புதான்டா எங்களுக்கு. அந்த எலும்பையும் காசு குடுத்து வாங்குறேன். என் கைய இம்மாம் பெருசாக் காட்டினியே, அந்தச் சதையத் திங்கிற வாய இதே அளவுக்குக் காட்டேன்! அந்தக் கேமராவ அந்த ப்ளேன்ல ஏத்துடா, கழுத! என் மூஞ்சி வேணாம்னு சொன்ன இல்ல? இதோ இருக்கு என் மூஞ்சி. நல்லாப் பாத்துக்க.”

வெள்ளைக்காரர் உட்கார்ந்துவிட்டார். போட்டோ எடுக்க வந்தவன் கேமராவைத் தூக்கவில்லை. நாலோங்கோ மைக்கை அணைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நம்போஸேயின் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதை வழியாகவே வெளியே நடந்தாள்.

காரெல்லாம் கிடையாது. வாசலில் ஸெம்பெப்வாவின் பைக்கில் இருவரும் ஏறிக்கொண்டார்கள். வண்டி ப்வாயிஸே பக்கம் திரும்பும்போது நம்போஸே கேட்டாள்.

“எல்லாத்தையும் சொன்னியாடி?”

“ஒண்ணு விடல.”

“கழுதன்னேனே, அது?”

“நீ ரெண்டு தடவ சொன்ன. நான் மூணு தடவ சொன்னேன்.”